வலைச் சட்டகங்களின் பிரிவும் இணைவும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

‘தனி மரம் தோப்பாகாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை ஆரம்ப வகுப்பிலிருந்தே நாங்கள் படித்து வந்திருக்கிறோம். கட்டுரை ஏட்டில் பலமுறை எழுதியும் இருக்கிறோம். ஆயினும் அதன் பொருளைச் சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக் கணிப்பொறிக் கழகத்தில்தான் உள்ளபடி உணர்ந்தோம்.

நடந்தது இதுதான். எங்கள் நூலகத்தின் இரவல் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்ற வேண்டுமென்று அப்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்த ‘அ’ பிரிவு மாணவியரும், ‘ஆ’ பிரிவு மாணவியராகிய நாங்களும் தனித்தனியே முனைந்தோம். நாங்கள் செய்ததற்குத் ‘தேன்கூடு’ என்று பெயரிட்டோம். அவர்கள் தங்களுடையதற்கு ‘ஏடு’ என்று பெயரிட்டார்கள். ஒரே அலமாரிக்கு இரண்டு பதிவேடுகள்! காலை இடைவேளையில் ஒன்றிலும், மாலையில் மற்றொன்றிலும் நூல்கள் பதிவாயின. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தேன்கூட்டில் பதிந்து எடுத்துச் சென்ற நூலைத் திருப்பித் தந்தபோது அது ஏட்டில் பதிவாயிற்று. தேன்கூடோ, அவள் நூலைத் தரவில்லை என்றே காட்டியது. அபராதச் சீட்டு அவள் வீட்டுக்குப் போயிற்று. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் அவளுடைய அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து நின்றார். நூல் அலமாரியிலேயே இருந்தது. நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

எங்களுக்குக் கணிப்பொறி கற்பிக்கும் அருட்சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “உங்களைவிடப் பெரியவர்களும் இப்படிப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். அவர்கள் எப்படிக் கூடினார்கள் என்று படித்துவிட்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார். அவ்வாறு படித்து அறிந்தவற்றையே இங்குத் தருகிறோம்.

சட்டகம் என்பது யாது?

வலைப் பக்கங்களில் இரு வகை உண்டு. ஒன்று, சுவரொட்டியைப் போல எல்லாருக்கும் ஒன்றையே காட்டுவது. மற்றொன்று, கேட்பவர் யார், கேட்பது என்ன என்று பார்த்துப் பதில் சொல்வது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு இரயில் சீட்டுப் பதிவு செய்யும்போதும், பதிவெண் கொடுத்துப் பொதுத் தேர்வு முடிவைப் பார்க்கும்போதும் நாம் பயன்படுத்துவது இந்த இரண்டாம் வகை. இதனை வலைச் செயலி என்பர்.

எந்த வலைச் செயலியை எடுத்துக்கொண்டாலும் சில வேலைகள் பொதுவானவை. வந்தவர் உரியவர்தாமா என்று கடவுச்சொல் கேட்க வேண்டும். அவர் கேட்டதைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து வர வேண்டும். அதைப் பக்கமாக அடுக்கிக் காட்ட வேண்டும். தவறாக எழுதினால் திருத்தச் சொல்ல வேண்டும். தீய எண்ணத்தோடு வருபவரைத் தடுக்கவும் வேண்டும். இத்தனையையும் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் ஆயுள் போதாது. ஆகவே இப்பொது வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்த அமைப்புகள் தோன்றின. இவையே வலைச் சட்டகங்கள்.

நம் பகுதியினருக்கு இதை விளக்குவது எளிது. ஷூ கம்பெனியில் ஒவ்வொரு ஜோடிக்கும் புதிதாகக் கால் வடிவத்தைச் செதுக்குவதில்லை. ‘லாஸ்ட்’ என்னும் அச்சு ஆயத்தமாக இருக்கிறது. கட்டிங் பிரிவில் தோலை வெட்டுகிறார்கள். ஸ்டிச்சிங் பிரிவில் அப்பரைத் தைக்கிறார்கள். பிறகு அதை லாஸ்டின்மேல் இழுத்து இறுக்கிச் சோலைப் பொருத்துகிறார்கள். தோலின் நிறம் மாறலாம், தையல் மாறலாம். ஆனால் அச்சும் வேலையின் வரிசையும் முன்பே தீர்மானமானவை. வலைச் சட்டகமும் இத்தகையதே.

பெரும்பாலான சட்டகங்கள் வேலையை மூன்றாகப் பிரிக்கின்றன. தரவைக் காப்பது ஒரு பகுதி. அதைக் கண்ணுக்குக் காட்டுவது ஒரு பகுதி. வந்த கேள்வியை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவது ஒரு பகுதி. முதலாவதைச் சரக்கறை என்றும், இரண்டாவதைக் காட்சிக்கூடம் என்றும், மூன்றாவதை மேஸ்திரி என்றும் நாங்கள் நினைவில் வைத்துக்கொண்டோம். வலை தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1979-இல், நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வெ ரீன்ஸ்கவுக் இம்முறையை வகுத்தார்.

வேலையிலிருந்து பிறந்தவை

புகழ்பெற்ற சட்டகங்கள் பல, ‘சட்டகம் செய்வோம்’ என்று உட்கார்ந்து செய்யப்பட்டவை அல்ல. ஏதோ ஒரு வேலையைச் செய்யும்போது அதிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்னும் ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், 2003-இல், ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் செய்திப் பக்கங்களை விரைந்து அமைக்க ஒரு வழி தேடினார்கள். அது 2005-இல் ‘ஜாங்கோ’ என்னும் பெயரோடு எல்லாருக்கும் வழங்கப்பட்டது. தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு செயலிழந்த பின்னும் கித்தார் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞரின் பெயர் அது. டென்மார்க் நாட்டவரான டேவிட் ஹைனமையர் ஹான்சன், அலுவலகப் பணிகளை ஒழுங்கு செய்யும் ‘பேஸ்கேம்ப்’ என்ற செயலியை எழுதினார். அதன் அடித்தளத்தைத் தனியே பிரித்து 2004-இல் ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என வெளியிட்டார்.

நம் நாட்டிலும் இவ்வாறே நடந்தது. மும்பையைச் சேர்ந்த ருஷப் மேத்தா தம் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்குக் கணக்கு, சரக்கு ஆகியவற்றைப் பார்க்கும் மென்பொருளை அமைக்க முற்பட்டார். அம்முயற்சியே ‘இ.ஆர்.பி.நெக்ஸ்ட்’ ஆக வளர்ந்தது. அதன் அடியிலிருந்த அமைப்பு ‘ஃபிராப்பே’ என்னும் தனிச் சட்டகமாயிற்று. 2022-இல் பணியாளர் பதிவும் சம்பளக் கணக்கும் இ.ஆர்.பி.நெக்ஸ்டிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிச் செயலியாயின. வளர்ந்த பிள்ளை தனிக்குடித்தனம் போவது போன்றது இது; பகையால் நேர்ந்த பிரிவு அன்று. 2019-இல் வேலூர் மாவட்டமும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. ஆம்பூர் திருப்பத்தூரோடு சென்றது. அதனால் நமக்கும் ஆம்பூருக்கும் உள்ள உறவு போய்விட்டதா என்ன?

திறந்த மூலம்

ஆம்பூர் பிரியாணி செய்யும் முறையை ஒருவர் எழுதி, “யாரும் இதைப் பார்த்துச் செய்யலாம்; மாற்றலாம்; மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்” என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மிளகாயைக் குறைப்பார். மற்றொருவர் கறியைக் கூட்டுவார். மூலம் எல்லார் கையிலும் இருக்கும். மென்பொருளின் மூல நிரலை இவ்வாறு உரிமத்தோடு வெளியிடுவதையே திறந்த மூலம் என்கிறோம். 1993-இல் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் வலையின் அடிப்படை மென்பொருளையே உலகத்தாருக்குப் பொதுவாக்கியது. அன்று அப்படிச் செய்திராவிட்டால் நாம் இன்று காணும் வலை இருந்திருக்குமா என்பது ஐயமே.

திறந்த மூலத்தில் கருத்து வேறுபாடு வந்தால் யாரும் ஒரு படியை எடுத்துக்கொண்டு தனிவழி போகலாம். தடுப்பார் இல்லை. இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. புதிய எண்ணங்கள் பிறப்பது நன்மை. ஒரே வேலையை இரண்டு கூட்டத்தார் இருமுறை செய்வதும், அவற்றை நம்பியிருப்போர் எதை ஏற்பது என்று திகைப்பதும் தீமை. எங்கள் பள்ளி நூலகத்தில் நேர்ந்ததும் இத்தீமையே.

பெயர் ஒருவருடையது, உடல் மற்றவருடையது

கிரெய்க் மெக்லானஹன் என்பவர் ஜாவா மொழியில் ஒரு சட்டகம் எழுதி 2000-ஆம் ஆண்டில் அப்பாச்சி அமைப்பினரிடம் ஒப்படைத்தார். அதன் பெயர் ‘ஸ்ட்ரட்ஸ்’. கட்டடத்தைத் தாங்கும் முட்டுகள் என்று பொருள். வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் அதை விரும்பி ஏற்றன. காலம் செல்லச் செல்ல அது இறுக்கமாக இருக்கிறதென்றும், சிறு வேலைக்கும் நிறைய எழுத வேண்டியிருக்கிறதென்றும் குறை எழுந்தது. அக்குறைகளை நீக்க ரிக்கார்ட் ஓபெர்க் ‘வெப்வொர்க்’ என்னும் மற்றொரு சட்டகத்தை உருவாக்கினார். அது 2002-இல் வெளிவந்தது. அமைப்பில் அது செம்மையானது. ஆனால் ஸ்ட்ரட்ஸுக்கு இருந்த பெயரும் கூட்டமும் அதற்கு இல்லை.

இரு குழுவினரும் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்றாவது என முடிவு செய்தார்கள். 2007-இல் ‘ஸ்ட்ரட்ஸ் 2’ வெளிவந்தது. பெயரைப் பார்த்தால் பழைய ஸ்ட்ரட்ஸின் அடுத்த பதிப்பு என்றே தோன்றும். உள்ளே இருந்ததோ வெப்வொர்க்! புகழ் உடையவர் பெயரைத் தந்தார். நல்ல அமைப்பு உடையவர் உடலைத் தந்தார். ஒருவர் தம் நிரலை விட்டுக்கொடுத்தார். மற்றவர் தம் பெயரை விட்டுக்கொடுத்தார். இரண்டில் எது கடினம் என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது, முடிவு காணவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னே

ரெயில்ஸ் சட்டகத்தில் தேவையானவை யாவும் முன்பே தேர்ந்து வைக்கப்பட்டிருக்கும். வாழையிலையில் முழுச் சாப்பாடு பரிமாறுவது போன்றது அது. சிலருக்கு அது பிடிக்கவில்லை. எஸ்ரா ஜிக்முன்டோவிச் என்பவர் ‘மெர்ப்’ என்னும் சிறிய சட்டகத்தைத் தொடங்கினார். நடுப்பகுதி சிறியதாக இருக்கட்டும், வேண்டியதை அவரவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கொள்கை. பிறகு யெஹூதா கட்ஸ் அக்குழுவை முன்னின்று நடத்தினார். எளிமையே பெரிதென்றது ரெயில்ஸ். தேர்ந்துகொள்ளும் உரிமையே பெரிதென்றது மெர்ப். இரு தரப்பாருக்கும் கருத்து மோதல் இருந்தது.

2008 நவம்பரில் மெர்ப் தன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. அடுத்த மாதமே, டிசம்பர் 23 அன்று, இரண்டும் ஒன்றாகப் போவதாக இரு குழுவினரும் அறிவித்தார்கள்! பேசிப் பார்த்தபோது, தாங்கள் விரும்புவது ஏறத்தாழ ஒன்றையே என்பது இரு தரப்பினருக்கும் தெரியவந்தது. அதற்கு அடுத்த வேலை எளிதன்று. பழைய நிரலை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, மீண்டும் பொருத்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் உழைத்து, 2010 ஆகஸ்டு 29 அன்று ‘ரெயில்ஸ் 3’ வெளியிடப்பட்டது. அதில் முழுச் சாப்பாடும் உண்டு. பிடிக்காத கறியை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. மெர்ப் என்ற பெயர் மறைந்தது. அதன் கொள்கை வாழ்ந்தது. மெர்ப்பை நம்பியிருந்தவர்களைக் கைவிடாமல், புதிய சட்டகத்துக்கு மாறிவர வழி செய்வதாகவும் அன்றே வாக்களித்தார்கள். இந்த ஒரு வரியைத்தான் அருட்சகோதரி எங்களை இருமுறை படிக்கச் சொன்னார்.

மூன்றாவது முறையும் ஒன்று உண்டு. பைத்தான் மொழியில் இருந்த ‘பைலான்ஸ்’, ‘ரிபோஸ் பி.எஃப்.ஜி.’ என்னும் இரண்டும் 2010-இன் இறுதியில் இணைந்தபோது, சட்டகத்துக்கு ‘பிரமிட்’ என்று புதுப் பெயரே சூட்டிவிட்டார்கள். சட்டகங்களுக்கும் அடியில் நிற்கும் ‘நோட்’ என்னும் தளத்திலிருந்து 2014 டிசம்பரில் ‘ஐ.ஓ.’ என்ற கிளை பிரிந்தது. புதிய பதிப்புகள் தாமதமாகின்றன, பொறுப்பு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்பன மனக்குறைகள். 2015 செப்டம்பரில் இரண்டும் மீண்டும் கூடின. கூடியபோது பழைய நிருவாக முறை இல்லை; பலரும் பங்கேற்கும் முறை வந்திருந்தது. பிரிந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை.

நம் மொழியும் நம் மண்ணும்

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று எண்ண வேண்டா. ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் வலைத்தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு வேண்டியிருந்தது. ஓரிடத்தில் எழுதிய தமிழ் மற்றோர் இடத்தில் புரியாத குறிகளாகத் தெரியும். ‘திஸ்கி’, ‘தாம்’, ‘தாப்’ எனக் குறியீட்டு முறைகள் பல இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ‘தமிழ் 99’ விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்று நாம் எழுதும் தமிழ் எந்தக் கைப்பேசியிலும் தமிழாகவே தெரிகிறது. தம் குறியீட்டு முறைக்காகப் பல இரவுகள் உழைத்தவர்கள் அதை விட்டுக்கொடுத்ததன் பயன் இது.

டேனரிகளையும் நினைத்துப் பார்க்கலாம். தோல் கழிவு நீரால் பாலாற்றுப் பகுதி கெட்டது பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. ஒவ்வொரு டேனரியும் தனியாகவோ கூட்டாகவோ கழிவு நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்றது. சிறிய டேனரி தனியே ஒரு நிலையம் கட்ட முடியுமா? சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுபவர்களே கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிறார்கள். இதனால் பாலாறு பழையபடி ஆகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. எனினும், போட்டியாளர்களுக்கும் பொதுவான ஓர் அடித்தளம் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வலைச் சட்டகமும் அத்தகைய பொது நிலையமே.

இணைந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஸ்ட்ரட்ஸ் 2-இல் ஒரு பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, 2017 மார்ச்சில் அதற்குரிய திருத்தம் இலவசமாகவே வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் என்ற நிறுவனம் அத்திருத்தத்தைத் தன் கணிப்பொறி ஒன்றில் செய்யாமல் விட்டது. மே மாதம் முதல் கள்வர்கள் அவ்வழியே உட்புகுந்தார்கள். ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. பொதுக் கிணற்றில் எல்லாரும் நீர் எடுக்கலாம். தூர் வாரும் நாளில் எல்லாரும் வர வேண்டும். அன்றியும், பழையதைப் பற்றிக்கொண்டே இருப்பதும் ஆகாது. முதல் ஸ்ட்ரட்ஸின் பராமரிப்பு 2013-இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் அதிலேயே தங்கியவர்களுக்குத் திருத்தம் தருவார் இல்லை.

எங்கள் தேன்கூடு

நிற்க. எங்கள் கதைக்கு வருவோம். இவற்றையெல்லாம் படித்த பிறகு இரு பிரிவினரும் ஒரே மேசையில் அமர்ந்தோம். அடுத்தவர் செய்ததில் நல்லது எது என்பதை மட்டும் எழுத வேண்டும் என்பது அருட்சகோதரியின் கட்டளை. நாங்கள் எழுதியபோதுதான் எங்கள் குறை எங்களுக்கே தெரிந்தது. தேன்கூட்டில் ஒரே ஆசிரியரின் பெயர் நான்கு விதமாகப் பதிவாகியிருந்தது. தேடினால் பாதி நூல்கள் அகப்படா. ஏட்டில் அக்குழப்பம் இல்லை. ஆனால் நூலகத்துக்கு வரும் சிறுமியர் எல்லாருக்கும் தேன்கூடு என்ற பெயரே பழகியிருந்தது.

ஆகவே பெயர் எங்களுடையது, உள்ளமைப்பு அவர்களுடையது என்று முடிவாயிற்று. இரண்டும் ஜாங்கோவில் எழுதப்பட்டவை ஆதலால் இணைப்பது எங்களால் இயன்றது. இரண்டிலும் இருந்த இரவல் பதிவுகளை ஒன்றுவிடாமல் ஒப்பிட்டு மாற்ற மூன்று வாரங்கள் ஆயின. அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியின் பதிவையே முதலில் மாற்றினோம். அவள் பெயருக்கு எதிரே ‘பாக்கி இல்லை’ என்று வந்ததை அவளை அழைத்துக் காட்டினோம். “அம்மாவுக்கும் காட்ட வேண்டும்” என்றாள். அச்செடுத்துக் கொடுத்தோம். அவளுடைய அம்மா இழந்த அரை நாள் சம்பளத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை.

நூலகத் திரையில் தேன்கூடு என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம், உள்ளே இருக்கும் உழைப்பு ‘அ’ பிரிவினருடையது என்பதை நினைத்துக்கொள்கிறோம். இவ்வாண்டு இரு பிரிவினரும் ஒரே கழகமாகக் கூடுகிறோம். அடுத்து வரும் ஒன்பதாம் வகுப்பினர் இதில் குறை கண்டு வேறொன்று செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யட்டும். மூல நிரல் முழுவதையும் கழகக் கணிப்பொறியில் வைத்திருக்கிறோம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். நூலகத்துக்கு வரும் சின்னஞ்சிறு மாணவி எந்தப் பதிவேட்டை நம்புவது என்று திகைக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கற்க விரும்புவோர் 2012-இல் தொடங்கப்பட்ட ‘கணியம்’ மின்னிதழைப் படிக்கலாம். கற்போம், கற்றதைப் பகிர்வோம், கூடிச் செய்வோமாக.